தூண்வனத்தின் நடுவே ஒரு தேவாலயம்

ஸ்பானிய தேசத்தின் தென்பாகத்திலே குவாதல்கிவிர் என்றோர் ஆறு ஓடுகின்றது. பெரிய ஆறு என்னும் பொருளில் அராபியர் இட்ட "வாதில் கபீர்" என்ற பெயரே ஸ்பானியர் நாவிற் புகுந்து இவ்வாறு திரிந்தது. அவ்வாற்றின் வடகரையில், உரோமர் காலத்துப் பாலம் ஒன்றன் தலைப்பில், கொர்டோவா என்னும் பழம்பெரும் நகரம் அமைந்துள்ளது. அந்நகரத்தார் தங்கள் தலைமைத் தேவாலயத்தை "மெஸ்கீத்தா" என்று அழைக்கின்றனர். மெஸ்கீத்தா என்னும் ஸ்பானியச் சொல்லுக்குப் பள்ளிவாசல் என்பதே பொருள். 1236ஆம் ஆண்டு தொடக்கம் கிறித்தவ வழிபாடு நடந்துவரும் ஓரிடத்தை, ஏறக்குறைய எண்ணூறு ஆண்டு கழிந்த பின்னும், அவ்வூர்க் கிறித்தவரே பள்ளிவாசல் என்று வழங்குவராயின், அதற்குத் தக்க காரணம் இருத்தல் வேண்டுமன்றோ?

ஒரு சமயத்தார் எழுப்பிய ஆலயத்தை வேறொரு சமயத்தார் கைக்கொள்வது உலக சரித்திரத்திற் புதுமையன்று. இடித்துத் தரைமட்டமாக்கியவர் உளர். கற்களைப் பெயர்த்துக் கோட்டை கட்டியவர் உளர். மூர்த்தத்தை மாற்றி முன்னிருந்தபடியே வழிபட்டவரும் உளர். கொர்டோவாவில் நிகழ்ந்தது இவற்றுள் எதனோடும் முற்றாகப் பொருந்தாது. பள்ளிவாசல் நின்றபடி நிற்க, அதன் வயிற்றைப் பிளந்து நடுவே ஒரு தேவாலயத்தை எழுப்பினர். அந்த வரலாற்றையே ஈண்டுக் கூறப்புகுகின்றோம்.

கி. பி. 711இல் தாரிக் இப்னு சியாத் என்னும் தளபதி வட ஆபிரிக்காவினின்று கடல் கடந்து ஸ்பானிய மண்ணில் இறங்கினான். அவன் இறங்கிய குன்று "ஜபல் தாரிக்", அதாவது தாரிக்கின் மலை, எனப் பெயர் பெற்று, இன்று ஜிப்ரால்டர் என வழங்குகின்றது. சில ஆண்டுகளுள் நாட்டின் பெரும்பாகம் முஸ்லிம்கள் வசமாயிற்று. தமாஸ்கு நகரிலிருந்து ஆண்ட உமையா வமிசத்துக் கலீபாக்களுக்கு அது ஒரு தூரத்து மாகாணமாக இருந்தது. 750இல் அப்பாசியர் கிளர்ந்தெழுந்து உமையாக்களைக் குலத்தோடு அழிக்க முற்பட்டபோது, அப்துர் ரஹ்மான் என்னும் இளவரசன் ஒருவன் தப்பியோடினான். வட ஆபிரிக்கா முழுவதையும் மறைந்து மறைந்து கடந்து, ஸ்பானியா சேர்ந்து, 756இல் கொர்டோவாவின் அமீரானான். பிறந்த நாட்டை அவன் மறந்தானில்லை. தன் தோட்டத்தில் நின்ற பேரீந்து ஒன்றை, உன்னைப் போலவே யானும் அயல் மண்ணில் நிற்கின்றேன் என்னும் கருத்தில் விளித்த கவிதையொன்று அவன் பெயரால் வழங்கி வருகின்றது.

இவ்வரசனே 785ஆம் ஆண்டளவில் பள்ளிவாசலுக்கு அத்திவாரமிட்டவன். முன்னர் அவ்விடத்தில் அர்ச். வின்சன்ரின் பெயரால் ஒரு தேவாலயம் இருந்ததென்றும், அதனை இரு சமயத்தாரும் சிலகாலம் பங்கிட்டு வழிபட்டனரென்றும், பின்பு கிறித்தவர் பாகத்தை அரசன் விலைகொடுத்து வாங்கினானென்றும் பிற்கால அராபிய சரித்திரகாரர் எழுதிவைத்தனர். மண்ணைத் தோண்டிய ஆராய்ச்சியாளர் பழைய கட்டிடங்களின் சுவடுகளைக் கண்டுள்ளனர். ஆயினும் அவை தேவாலயமொன்றின் சுவடுகள்தாமா என்பதில் அவர்கள் ஒருமுகப்பட்டாரில்லை. இக்காலத்தில் இவ்வாராய்ச்சி வெறும் கல்வி வாதமாக இல்லாமல், "முதலில் இருந்தது எவருடையது?" என்னும் வழக்காகவும் மாறியிருப்பதைப் பின்னர்க் காண்போம்.

இனிக் கட்டிடத்தின் அமைப்பை நோக்குவாம். நம் நாட்டுக் கோயில்களின் தூண் மண்டபங்களைக் கண்டு பழகிய கண்ணுக்கு இப்பள்ளிவாசல் ஒருவகையிற் பழக்கப்பட்டதாகவே தோன்றும். ஆயிரங்கால் மண்டபம் போல, எத்திசை திரும்பினும் தூண்களின் வரிசை, வரிசைக்கப்பால் வரிசை. ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. நம் மண்டபங்களில் தூணின் மேல் போதிகையும், அதன்மேல் உத்திரமும், அதன்மேற் கற்பலகையும் கிடையாகக் கிடக்கும். அங்கே தூணுக்குத் தூண் வில்வளைவு பாய்கின்றது. அதுவும் ஒன்றல்ல, ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு.

இவ்விரட்டை வளைவு அழகுக்காகப் பிறந்ததன்று, தட்டுப்பாட்டிற் பிறந்தது. அப்துர் ரஹ்மானின் கொத்தர் புதிதாகத் தூண்களைச் செதுக்கவில்லை. உரோமரும் அவர்க்குப் பின்வந்த விசிகொத்தியரும் விட்டுப்போன பாழடைந்த கட்டிடங்களிலிருந்து தூண்களையும் போதிகைகளையும் எடுத்து வந்தனர். அவை ஒரே உயரமுடையனவல்ல. நெடியதை நிலத்துட் சிறிது புதைத்தும், குட்டையானதற்கு அடியிற் கல் வைத்தும் ஒருவாறு சமன் செய்தனர். அப்பொழுதும் விதானம் தலைக்குமேல் நெருங்கிக் கவிந்திருக்கும். பெருந்தொகையினர் கூடித் தொழும் இடத்துக்கு அது தகாது. ஆகவே தூணின்மேல் ஒரு சதுரக் கம்பத்தை எழுப்பி, அதன் உச்சியிலே கூரையைத் தாங்கும் வளைவை அமைத்தனர். இவ்வளவு மெல்லிய தூணின்மேல் இவ்வளவு உயரத்துக்குக் கம்பத்தை எழுப்பினால் அது பக்கவாட்டிற் சரியுமே? அதனைத் தடுக்கவே கீழ்வளைவு. அது குதிரை இலாடத்தின் வடிவினது. மேலே சுவரெதுவும் இல்லாமல் வெறுவெளியிற் பாய்ந்து, தூணையும் தூணையும் கைகோத்து நிறுத்துகின்றது. மேல்வளைவு அரைவட்டமானது, சற்றுத் தடித்தது. சுவரையும், கூரைநீர் ஓடும் பீலியையும் அது சுமக்கின்றது. மெரிதா என்னும் நகரில் உரோமர் கட்டிய நீர்வழிப் பாலம் ஒன்றில், வளைவுகள் அடுக்கடுக்காகக் கல்லும் செங்கல்லும் கலந்து நிற்பதைக் கண்டே இவ்வுபாயம் தோன்றியிருக்கலாம் என்பர் அறிஞர்.

வளைவுகளில் வெண்கல்லும் செங்கல்லும் மாறிமாறி வைக்கப்பட்டுள்ளன. செம்மையும் வெண்மையுமாகிய இக்கீற்றுக்கள் நூற்றுக்கணக்கான வளைவுகளில் ஒரேயடியாகக் கண்ணிற்படும்போது, மண்டபம் ஒரு கட்டிடமாகத் தோன்றாமல் பேரீந்துத் தோப்பாகத் தோன்றுகின்றது என்று எழுதாத பிரயாணி இல்லை. நூறாண்டுகளாகத் திரும்பத் திரும்பச் சொல்லப்பட்டதாயினும் உவமை பிழையானதன்று.

முதற் பள்ளி பதினொரு பத்திகளை உடையது. ஒவ்வொரு பத்தியும் பன்னிரண்டு தூணிடைகளை உடையது. நகரம் வளர வளரப் பள்ளியும் வளர்ந்தது. ஒன்பதாம் நூற்றாண்டில் இரண்டாம் அப்துர் ரஹ்மான் தெற்கே எட்டுத் தூணிடைகளைக் கூட்டினான். 929இல் கலீபா என்னும் பட்டத்தைச் சூடிய மூன்றாம் அப்துர் ரஹ்மான் முற்றத்தை விரித்து, 951–952இல் மினாரா ஒன்றை எழுப்பினான். அதில் ஒன்றோடொன்று சந்தியாத இரண்டு படிவழிகள் இருந்தன. ஏறுவோர் இறங்குவோரைக் காணார்.

961இற் பட்டமேறிய இரண்டாம் அல்-ஹக்கம் கல்விப் பிரியன். நான்கு இலட்சம் நூல்களைத் திரட்டினான் என்று சொல்லப்படும் அவனுடைய நூல்நிலையம் ஒருபுறமிருக்க, பள்ளியின் மிகச் சிறந்த பாகம் அவன் செய்ததே. மேலும் பன்னிரண்டு தூணிடை தெற்கே சென்று, அங்கே புதிய மிஹ்ராபை அமைத்தான். மிஹ்ராப் என்பது தொழுகைத் திசையைக் காட்டும் மாடம். பிற இடங்களில் அது சுவரிற் குடைந்த ஒரு பிறையளவே. இங்கோ அது எண்கோணமான ஒரு சிறு அறை. ஒரே கல்லிற் செதுக்கிய சிப்பி வடிவான விதானத்தை உடையது. வாயில் வளைவைச் சுற்றிப் பொன்னும் நீலமுமான கண்ணாடித் துணுக்குகளைப் பதித்து, கொடிவேலையும் குர்ஆன் வாக்கியங்களும் தீட்டியுள்ளனர். இவ்வேலைக்கு வேண்டிய துணுக்குகளையும் ஒரு வினைஞனையும் கொன்ஸ்தாந்திநோப்பிளிலிருந்த கிறித்தவச் சக்கரவர்த்தி அனுப்பிவைத்தான் என்பது அராபிய சரித்திரகாரர் கூற்று. பள்ளிவாசலின் மிகப் புனிதமான மூலையிலே கிறித்தவ அரசனின் நன்கொடை ஒளிவிடுகின்றது! மிஹ்ராபின் முன்னுள்ள விதானத்தில் எட்டுக் கல்விலாக்கள் ஒன்றையொன்று ஊடறுத்து, நடுவிற் சந்தியாமலே, எண்முக நட்சத்திரமாக விரிகின்றன. அல்-ஹக்கமின் காலத்தில் தூண்கள் இரவல் அல்ல. கருநீலமும் இளஞ்சிவப்புமாக மாறிமாறி வரும்படி புதிதாகவே செதுக்கப்பட்டன. அவற்றிற் சிலவற்றில் வேலைசெய்தோர் தம் பெயரைப் பொறித்து வைத்துள்ளனர். ஆயினும் முன்னோர் காலத்து மிஹ்ராபில் நின்ற நான்கு சிறு தூண்களை அவன் கைவிடாது, பெயர்த்தெடுத்துப் புதிய மிஹ்ராபின் இருமருங்கும் நிறுத்தினான்.

இறுதியாகப் பெருக்கியவர் அல்-மன்சூர் என்னும் முதலமைச்சர். பாலகனாயிருந்த கலீபாவைப் பொம்மையாக வைத்து நாட்டை ஆண்டவர் இவர். தெற்கே ஆறு குறுக்கிட்டமையால் 987ஆம் ஆண்டளவிற் கிழக்குப் புறமாக எட்டுப் பத்திகளைக் கூட்டினார். பத்தொன்பது பத்தியாகிய பள்ளி, முற்றத்தோடு சேர்த்து ஏறக்குறைய 590 அடி நீளமும் 425 அடி அகலமும் உடையதாயிற்று. இதனால் மிஹ்ராப் நடுவை இழந்து ஒருபுறம் ஒதுங்கிற்று. மேலும், இவர் கட்டிய வளைவுகள் முழுவதும் கல்லே, செங்கல் இல்லை. செங்கல் இருக்கவேண்டிய இடத்திற் சிவப்புச் சாயம் பூசினர். முதல் அமீர் வறுமையில் இரவல் தூண் கொண்டு செய்ததில் உள்ள உயிர், செல்வம் மிகுந்த காலத்துச் சாயப்பூச்சில் இல்லையென்பது எம் கருத்து.

அல்-மன்சூரைப் பற்றி இன்னொன்று சொல்லாமல் அப்பாற் செல்லலாகாது. 997இல் அவர் வடமேற்கே படையெடுத்து, கிறித்தவர் பெரும் யாத்திரைத் தலமாகிய சந்தியாகோ நகரைச் சூறையாடினார். அங்கிருந்த தேவாலயத்து மணிகளைக் கிறித்தவக் கைதிகளின் தோளில் ஏற்றிக் கொர்டோவாவுக்குக் கொணர்ந்து, கவிழ்த்துத் தொங்கவிட்டுப் பள்ளிவாசலுக்கு விளக்காக்கினார் என்பர். இருநூற்று முப்பத்தொன்பது ஆண்டு கழிந்தது. 1236இற் காஸ்தில் மன்னன் மூன்றாம் பெர்டினாந்து கொர்டோவாவைப் பிடித்தபோது, அதே மணிகளை முஸ்லிம் கைதிகளின் தோளில் ஏற்றிச் சந்தியாகோவுக்குத் திருப்பியனுப்பினான். மணிகளின் பாரம் இருமுறையும் ஒன்றே. சுமந்த தோள்கள்தாம் வேறு.

அல்-மன்சூருக்குப் பின் கலீபா ஆட்சி உள்நாட்டுப் போராற் சிதைந்து 1031இல் ஒழிந்தது. நகருக்கு வெளியே மூன்றாம் அப்துர் ரஹ்மான் கட்டிய மதீனத்துஸ் ஸஹ்ரா என்னும் மாளிகை நகரம் பாழாக்கப்பட்டதும் இப்போரிலேயே. அதை அழித்தவர் கிறித்தவரல்லர். கலகஞ்செய்த முஸ்லிம் படைகளே. எல்லாப் பழியையும் ஒரு திசைக்கே சுமத்தும் சரித்திரம் சரித்திரமாகாது.

1236ஆம் ஆண்டு யூன் 29ந் திகதி நகரம் பெர்டினாந்து மன்னனிடம் பணிந்தது. பள்ளிவாசல் கிறித்தவ முறைப்படி தூய்மை செய்யப்பட்டுத் தேவமாதாவின் பெயரால் தேவாலயமாயிற்று. இங்கே கவனிக்கத்தக்கது யாதெனில், வென்றவர் இடித்தாரில்லை. தொலெதோ நகரிற் பள்ளிவாசலை இடித்தே பேராலயம் கட்டினர். செவிய்யா நகரிலும் பின்னர் அவ்வாறே செய்தனர். அங்கே எஞ்சியது மினாராவும் முற்றமுமே. கொர்டோவாவிலோ தூண்களுக்கிடையே ஒரு பீடத்தை வைத்துப் பூசை செய்தனர். சுவரோரமாகச் சிறு சிறு சிற்றாலயங்களை அமைத்தனர். அடுத்து வந்த பத்தாம் அல்போன்சோ மன்னன், நகரிலிருந்த முஸ்லிம் தச்சரும் கொத்தரும் ஆண்டில் சில நாள் இக்கட்டிடத்தைச் செப்பனிட ஊழியம் செய்யவேண்டுமென்று கட்டளையிட்டான். பாட்டன் கட்டியதைப் பேரன் அந்நியனுக்காகப் பழுதுபார்த்தான்! 1371இல் முற்றுப்பெற்ற அரச சிற்றாலயம் அப்படியே முஸ்லிம் சிற்பமரபில் அமைந்துள்ளது. கிறித்தவ அரசர் தம் முன்னோரைப் புதைக்க விரும்பிய இடத்துக்கு அம்மரபே தகுந்ததென அவர்கள் எண்ணினர் போலும்.

1489இல் ஒரு மேற்றிராணியார் சில தூண்களை அகற்றிக் கோதிக்கு முறையில் ஒரு கூடம் அமைத்தார். அதனோடு நின்றிருக்கலாம். நின்றதில்லை.

1523இல் மேற்றிராணியார் அலோன்சோ மன்றிக்கே, பள்ளிவாசலின் நடுப்பாகத்தை இடித்து வானளாவிய தேவாலயம் ஒன்றை எழுப்ப முற்பட்டார். ஆராதனைக்கு வெளிச்சமும் இடைவெளியும் வேண்டும், தூண்கள் மறைக்கின்றன என்பது அவர் கட்சி. அதுவும் பொருளற்றதன்று, பீடத்தைக் காணாமற் பூசையிற் பங்குபற்றுவது எவ்வாறு? ஆனால் நகரசபை எதிர்த்தது. அச்சபையிலிருந்தோர் அனைவரும் கிறித்தவர். கிரனாடா வீழ்ந்து முப்பத்தோராண்டே கழிந்த காலம். முஸ்லிம்களுக்காகப் பரிந்து பேசினால் ஐயத்துக்கு ஆளாகவேண்டிய காலம். அப்படியிருந்தும், இவ்விடிப்பு வேலையிற் கைவைக்கும் கொத்தனுக்கும் தச்சனுக்கும் மரண தண்டனை என்று பறையறைவித்தனர். இங்கே அழிவது போன்ற ஒன்றை மீண்டும் அதே நேர்த்தியிற் செய்ய இயலாது என்பதே அவர்கள் சொன்ன நியாயம். திருச்சபையார் எதிர்த்தவர்களைச் சபைக்குப் புறம்பாக்கினர். வழக்கு ஐந்தாம் சார்ள்ஸ் சக்கரவர்த்தியிடம் சென்றது. அவன் கொர்டோவாவைக் கண்டவனல்லன். தீர்ப்பு மேற்றிராணியார் பக்கமாயிற்று; இடிப்பு வேலை தொடங்கிற்று.

1526இற் சக்கரவர்த்தி நேரில் வந்து கண்டபோது மனம் வருந்தினான் என்பது பிரசித்தமான கதை. எங்கும் கட்டக்கூடிய ஒன்றைக் கட்டுவதற்காக, உலகில் எங்குமில்லாத ஒன்றை அழித்துவிட்டீர்களே என்னும் கருத்துப்படக் கடிந்தானாம். அவன் இதைச் சொன்னானோ சொல்லவில்லையோ என்பதிற் சரித்திரகாரர்க்கு ஐயமுண்டு. சொல்லியிருந்தாலும் அக்கண்ணீரை நாம் பெரிதாக மதிக்கவேண்டியதில்லை. அனுமதி கொடுத்தவன் அவனே. அதுமட்டுமன்று, கிரனாடாவில் அல்ஹம்ரா மாளிகைகளுக்கு நடுவே தனக்கென ஒரு பாரிய அரண்மனையைக் கட்ட முற்பட்டவனும் அவனே.

நாம் மதிக்கவேண்டியவர் சிற்பாசாரியாராகிய எர்னான் ரூயிஸ். நம் நாட்டு ஸ்தபதிகளைப் போலவே அக்குடும்பத்திலும் தொழில் பரம்பரையாக வந்தது. பாட்டன், மகன், பேரன் மூவரும் அதே பெயருடன் அதே வேலையைச் செய்தனர். பள்ளியின் பத்திகள் வடக்குத் தெற்காக ஓடுவன. கிறித்தவ ஆலயமோ கிழக்கு மேற்காக அமையவேண்டும். ஆகவே புதிய கட்டிடம் பழையதை ஊடறுத்துக் குறுக்கே நிற்கின்றது. எர்னான் ரூயிஸ் பழைய தூண்வரிசைகளின் அளவையே தன் அளவாகக் கொண்டு, இயன்ற இடங்களிற் பழைய வளைவுகளைப் புதிய சுவருள் அடக்கிக் காப்பாற்றினார். வெட்டியவரின் கையில் வெட்டுப்படுவதன்மேல் மதிப்பு இருந்ததற்கு இது சான்று. கோதிக்காகத் தொடங்கிய வேலை மறுமலர்ச்சிக் காலப் பாணியில் வளர்ந்து, 1607இல் விதானம் முடிந்தபோதுதான் ஓய்ந்தது. எண்பத்து நான்கு ஆண்டு! பின்னர் 1748 தொடக்கம் பேத்ரோ துக்கே கொர்னேகோ என்னும் சிற்பி, கடல் கடந்து வந்த மகோகனி மரத்தில் பாடகர் குழாத்துக்கான ஆசனங்களைக் கடைந்தார். மரவேலையில் அதற்கீடு சொல்வது அரிது.

விதானம் முடிந்த அக்காலத்தில் ஸ்பானிய மன்னன் மூன்றாம் பிலிப்பே போர்த்துக்கலுக்கும் மன்னனாயிருந்தான். 1580 முதல் 1640 வரை அவ்விரு முடிகளும் ஒருவர் தலையிலேயே இருந்தன. அவன் காலத்திலேதான், 1619இல், யாழ்ப்பாண இராச்சியம் பறங்கியர் கைப்பட்டது. 1621இல் நல்லூர்க் கந்தசுவாமி கோயில் இடிக்கப்பட்டது. கொர்டோவாவிற் பாதியாவது விட்டுவைத்தார்கள், நல்லூரில் அதுவுமில்லை. இங்கே மறித்துச் சொல்ல ஒரு நகரசபை இருக்கவில்லை.

மினாராவின் கதையும் இத்தகையதே. 1589இல் அது புயலாற் பழுதுற்றது. இடித்து வீழ்த்துவதற்குப் பதிலாக, பேரனாகிய மூன்றாம் எர்னான் ரூயிஸ் அதைச் சுற்றிப் புதிய கற்சுவர் எழுப்பி மணிக்கூட்டுக் கோபுரமாக்கத் தொடங்கினார். 1617இல் அது முற்றுப்பெற்றது. உச்சியில் இரபாயேல் சம்மனசின் சிலை 1664இல் ஏறியது. ஏறக்குறைய 177 அடி உயரமான அக்கோபுரத்தினுள்ளே கலீபாவின் மினாரா, நெல்லுக்குள் அரிசி போல, இன்றும் நிற்கின்றது. முற்றத்திலே தொழுகைக்கு முன் கைகால் கழுவிய இடத்தில், தோடை மரங்கள் வரிசைவரிசையாக நிற்கின்றன. முன்னர் முற்றத்தை நோக்கிய வளைவுகள் திறந்திருந்தன. மரவரிசை தூண்வரிசையோடு தொடர்ந்து உள்ளே செல்வது போலிருந்தது. பின்னர் அவற்றிற் பெரும்பாலானவற்றைச் சிற்றாலயங்கள் அடைத்தமையால் மண்டபம் இருண்டது. இன்று அதன் இருளைப் புகழ்ந்து எழுதுவோர், கட்டியவர் விரும்பியது இருளன்று என்பதை நினைவிற்கொள்ளல் நன்று.

அவ்விருளில் உறங்குவோருள் ஒருவர் இன்கா கர்சிலாசோ. பெரு நாட்டிலே ஸ்பானியத் தந்தைக்கும் இன்கா அரசகுலத்துத் தாய்க்கும் பிறந்து, தாய்வழி முன்னோரின் வரலாற்றை எழுதி, 1616இல் கொர்டோவாவிற் காலமானவர். அவர் தமக்கென வாங்கிய சிற்றாலயம் இப்பள்ளிவாசலின் ஒரு மூலையிலேதான் உள்ளது. இரு குலம் கலந்த அவருக்கு அதைவிடப் பொருத்தமான இடம் வேறு கிடைத்திராது.

மிஹ்ராபை மூடியிருந்த பூச்சும் மறைப்பும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அகற்றப்பட்டன. 1882இற் கட்டிடம் தேசியச் சின்னமாயிற்று. 1933இல் கவிஞர் முஹம்மது இக்பால் இங்கு வந்து, அனுமதி பெற்றுத் தொழுது, உருது மொழியிற் புகழ்பெற்ற ஒரு கவிதையை இயற்றினார். 1984இல் ஐக்கிய நாடுகளின் கல்வி, விஞ்ஞான, கலாசார நிறுவனம் உலக மரபுரிமைப் பட்டியலில் இதனைச் சேர்த்தது. ஸ்பானிய முஸ்லிம்கள் மிஹ்ராபின் முன் தாமும் தொழ இடங்கேட்டனர், மேற்றிராணியார் மறுத்தார்.

2006இல் அம்மேற்றிராசனம், அக்காலத்துச் சட்டமொன்று கொடுத்த வசதியைக்கொண்டு, கட்டிடம் முழுவதையும் 30 யூரோ கட்டணத்துடன் தன் பெயரிற் பதிந்துகொண்டது. பின்னர் இது வெளிவந்தபோது பெருங்கிளர்ச்சி எழுந்தது. ஓர் அரசும் ஒரு நகரமும் பல நூற்றாண்டு பேணிய உடைமை தனியொரு சபைக்குரியதாகுமோ என்பது ஒரு சாரார் வாதம். 1236இல் மன்னனே கொடுத்தான், அன்றுதொட்டு ஒருநாளும் பூசை தவறாது காத்தவர் நாமே என்பது மற்றவர் வாதம். நுழைவுச் சீட்டிலும் விளக்கப் பத்திரத்திலும் "பள்ளிவாசல்" என்ற சொல் சுருங்கிப்போனதைக் கண்டு, அதை மீண்டும் சேர்க்குமாறு குரலெழுப்பியவர்களில் நகரத்துக் கிறித்தவர் பலர் இருந்தனர். 1523இல் பறையறைவித்த சபையின் இரத்தம் அந்நகரில் இன்னும் ஓடுகின்றது போலும்.

வழிபட்டதனாற் கட்டிடம் பிழைத்தது என்பதை மறுக்க முடியாது. தேவாலயமாக்காது விட்டிருப்பின், கொர்டோவாவிலிருந்த ஏனைய பள்ளிவாசல்களைப் போல அதுவும் கற்குவியலாகிப் பிறர் வீட்டுச் சுவருக்குப் போயிருக்கும். அதற்காக நடுவே வெட்டியது சரியாகிவிடுமா? முதல் முந்நூறு ஆண்டும் வெட்டாமலே வழிபட்டார்களே! ஆயிரத்துக்கு மேற்பட்டிருந்த தூண்களில் இன்று எஞ்சியவை 856.

2025ஆம் ஆண்டு ஓகத்து 8ந் திகதி இரவு, அல்-மன்சூர் கட்டிய கீழ்ப்பாகத்திற் சுத்திகரிப்பு இயந்திரம் ஒன்றிலிருந்து தீப்பற்றிற்று. சிற்றாலயம் ஒன்றின் கூரை வீழ்ந்தது. சுவாலை கோபுரத்தின் பக்கமாக எழுவதைக் கண்ட ஊரார் தெருக்களில் திரண்டு நின்றனர். தீயணைப்புப் படையினர் சில மணி நேரத்தில் அதனை அடக்கினர். தூண்வனத்தின் ஏனைய பாகங்களுக்குத் தீங்கில்லை. மறுநாட் காலை முற்றத்துக் கதவுகள் திறந்தன.